நடைவழித் தொட்டியில் வெங்காயத்தாள்

தேக்கா சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம் முளைவிட்டால் வீசாதீர்கள், வீவக நடைவழித் தொட்டியில் நடுங்கள். ஆனால் காய்க்குக் காத்திராமல் தாளை அறுத்துச் சாப்பிடுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் விளைவது இங்கே விளையாதா என்பீர்கள். வெயில் தடையில்லை. அங்கே அறுவடைக்கு முன் தாள் காய வறண்ட நாட்கள் கிடைக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் காய் முற்றுமுன் அழுகவே வாய்ப்பு அதிகம். எனவே நுனி வெளியே தெரிய நடுங்கள். ஆழம் போனாலும் அழுகும். மண்ணில் மணல் கலந்தால் நீர் தேங்காது. சாண் உயரம் வளர்ந்ததும், அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள், அங்கிருந்தே துளிர்க்கும். சில அறுப்புகளில் தாள் மெலியும். மறுபடி நடச் சலிப்பா? பூண்டு மணமுள்ள குச்சாய்க் கீரையை வையுங்கள், ஆண்டுக்கணக்கில் தழைக்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்குமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆம்லெட்டுக்குத் தேவை இரண்டு தாள். வாங்கிய கட்டின் மீதி குளிர்பதனப் பெட்டியில் வாடும். தொட்டித் தட்டை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துக் கழுவுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் உருவாகிவிடும். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் விட்டுவையுங்கள், தீப்பிடித்தால் எல்லாரும் ஓட அதுதான் வழி.