காப்பியும் மாத்திரையும்: எந்த வேளையில் எது?

நோயாளர் வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை விளக்கி முடித்ததும் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: “காப்பி குடிக்கலாமா?” பெரும்பாலும் இதைக் கேட்பவர் நோயாளர் அல்லர், உடன் வந்திருக்கும் மனைவியோ மகளோ கேட்பார். நோயாளர் விடைக்காக எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குடிக்கலாம் என்பதே பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. காப்பி தானாகச் செய்யும் தீங்கைவிட, மருந்தோடும் உணவோடும் தவறான வேளையில் சேர்ந்து அது செய்யும் தீங்கே நாங்கள் மிகுதியாகக் காண்பது.

காப்பியில் உள்ள எத்தனையோ வேதிப்பொருள்களுள் உடல் உடனே உணர்வது காஃபீனை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, 150 மி.லி. வடித்த காப்பியில் 80 முதல் 120 மி.கி. வரையிலும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மி.கி. வரையிலும் காஃபீன் உள்ளது. நாளொன்றுக்கு 300 மி.கி. அளவைத் தாண்டாதிருப்பது நல்லது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. நம் வீட்டு டம்ளருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் உண்டு. சிக்கரியில் காஃபீனே இல்லை. முதல் டிகாக்ஷனின் திடம் இரண்டாவதற்கு வாராது என்பது இல்லத்தில் காப்பி போடும் எவருக்கும் தெரியும். திடமான காப்பி மூன்று டம்ளருக்கு மேல் வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இவற்றையெல்லாம் கருதித்தான்.

பகல் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் பெருகிவந்து, இரவில் உறக்கத்தை அழைக்கிறது. அது அமரவேண்டிய இடங்களில் காஃபீன் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, களைத்திருக்கிறோம் என்னும் செய்திதான் மறைக்கப்படுகிறது. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியின் ஒரு பாதி இரவு பத்து மணிக்கும் குருதியில் இருக்கிறது. தூக்க மாத்திரை கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, கடைசிக் காப்பி எத்தனை மணிக்கு என்பதையே. “எனக்குக் காப்பி குடித்தாலும் தூக்கம் வரும்” என்பார் சிலர். வரும், ஆனால் அதன் நேரமும் ஆழமும் குறைந்திருப்பதை அவர் அறிவதில்லை. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூறு பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், காப்பி குடித்த நாள்களில் அவர்களின் உறக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்திருந்தது.

புகைபிடிப்போர் உடலில் காஃபீன் விரைவாகச் சிதைகிறது. எனவே மாரடைப்புக்குப் பின் புகையை அறவே விட்டவர், முன்புபோல் அதே நான்கு டம்ளர் காப்பியைக் குடித்தாலும் படபடப்பும் நடுக்கமும் கொள்ளக்கூடும். புகையை விட்டதால்தான் உடல் கெட்டது என்று எண்ணி அவர் மீண்டும் பீடியை நாடிவிடக்கூடாது. குறைக்கவேண்டியது காப்பியை.

இனி, நாங்கள் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. இவர்களுள் பலர் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்கிறார்கள். ஆயினும் சிலருக்கு ஹீமோகுளோபின் அளவு அசைவதே இல்லை. மாத்திரையை எப்போது உட்கொள்கிறீர்கள் என்று கேட்டால், காலைச் சிற்றுண்டி முடித்து, காப்பியோடு என்று விடை வருவதுண்டு. காப்பியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பைக் காப்பி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 விழுக்காடு குறைத்தது; தேநீர் 64 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பியால் குறைவு ஏதுமில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு சேர்த்துக் குடித்ததற்கு ஒப்பாகவே தடுத்தது.

உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, தேநீரைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. குருதிச்சோகை உள்ளவர்களுக்கு உணவின் பின் இரண்டு மணி நேரம் என்று நாங்கள் சற்றுக் கூட்டியே சொல்கிறோம். மரக்கறி உணவு மட்டும் உண்போருக்கு இது மேலும் முக்கியம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பே எளிதில் தடைபடுவது. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்ளலாம். உணவோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படத் துணைசெய்யும். வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, தாமதமாக உண்டு, உண்ட கையோடு மீதமிருக்கும் காப்பியைச் சூடாக்கிக் குடிக்கும் தாய்மாரை எண்ணியே இதை இவ்வளவு எழுதினோம். இதைப் படிக்கும் பிள்ளைகள் அவர்களிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்ஸின் மாத்திரை இன்னும் நுட்பமானது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் உட்கொள்ளவேண்டியது இது. காப்பி இதன் உறிஞ்சலைக் குறைக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் இதற்குத் தடை. நம் பால் காப்பியில் இவ்விரண்டும் ஒருங்கே உள்ளன. இதன் விளைவு உடனே தெரியாது. சில வாரங்கள் கழித்துச் செய்யும் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு உயர்ந்திருக்கும். மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஏதோ ஒரு காரணத்தால் நோயாளர் காலைக் காப்பியை நிறுத்தினால், கூட்டிய அளவு முழுதும் உடலில் ஏறும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும். முதியவர்களுக்கு இதயத் துடிப்பே சீர்குலையலாம். எழுந்தவுடன் மாத்திரையை உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்தல் வேண்டும். வழி எளிது. மாத்திரையை உட்கொண்ட பின்னரே ஃபில்டரில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். டிகாக்ஷன் இறங்கி, பாலும் காய்வதற்குள் பெரும்பாலான நேரம் கழிந்துவிடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு இதிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி தேவை.

எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை உட்கொள்ளும் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காப்பியோடு சேர்ந்தால் அதன் பயன் பாதிக்கும் மேல் வீணாகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் காஃபீன் சிதைவதைத் தாமதப்படுத்துவதால், அம்மருந்து தொடரும் நாள்களில் காப்பியைக் குறைத்துக்கொள்வது நலம். டயாலிசிஸ் செய்துகொள்வோர், குடிக்கும் நீரின் அளவில் காப்பியையும் கணக்கிடவேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பியைத் தவிர்த்தல் வேண்டும். இல்லையேல் இல்லாத அழுத்தத்துக்கு மருந்து எழுத நேரிடும்.

இவ்வளவும் படித்தபின் காப்பியே நஞ்சு என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. காப்பி தமிழகத்தில் பரவிய நாள்களிலேயே அதனைக் கண்டு அஞ்சியோர் பலர் இருந்தனர். பின்னாளில் புற்றுநோய் அச்சமும் சேர்ந்துகொண்டது. 1991இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திக் காப்பியை ஐயத்துக்குரிய பட்டியலில் வைத்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2016இல் அப்பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்குத் தீங்காகலாம் என்று மட்டும் அப்போது எச்சரித்தது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதே சுவை என்போர் டவராவில் ஒருமுறைக்கு இருமுறை ஆற்றிக்கொள்வது நல்லது. அளவாகக் காப்பி குடிப்போரிடையே கல்லீரல் நோய்களும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் கண்காணிப்பு ஆய்வுகள். காப்பிதான் காத்தது என்று அவற்றைக் கொண்டு அறுதியிட முடியாது. நீரிழிவைத் தடுக்கவென்று ஒருவர் புதிதாகக் காப்பி பழகுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. டம்ளருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் நான்கு டம்ளரில் 30 முதல் 40 கிராம் வரை சேர்ந்துவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் நாள் முழுவதற்கும் விரும்பத்தக்கதாகக் கூறும் அளவே ஏறத்தாழ 25 கிராம்தான். சர்க்கரையை வெல்லமாகவோ கருப்பட்டியாகவோ மாற்றிக்கொள்வதால் நீரிழிவு நோயாளருக்கு விலக்குக் கிடைத்துவிடாது.

கருவுற்ற பெண்களுக்கு எல்லை குறுகியது. பேறுகாலம் நெருங்க நெருங்கத் தாயின் உடலில் காஃபீன் மும்மடங்கு நேரம் வரை தங்குகிறது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் அடைகிறது. நாளொன்றுக்கு 200 மி.கி. என்பதே பல நாடுகளில் கூறப்படும் மேல் எல்லை. சிறிய டம்ளரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தேநீரும் கோலா பானங்களும் இக்கணக்கில் அடங்கும்.

அறுவைச் சிகிச்சைக்கு வருவோர் அறியவேண்டியது ஒன்று உள்ளது. “ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு மடக்குக் காப்பிதான் குடித்தேன்” என்னும் சொல்லால் தள்ளிவைக்கப்படும் சிகிச்சைகள் உண்டு. பால் வயிற்றில் திரிந்து திட உணவைப்போல் தங்குகிறது. மயக்க நிலையில் அது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே இடர். எனவே பால் காப்பிக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். அது பானம் அன்று, உணவு என்றே கொள்ளுங்கள். குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், எவரும் கடிந்துகொள்ளமாட்டார்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கலாம். சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தபின் வரும் தலைவலியோடு இதனைக் குழப்பிக்கொள்ள இடமுண்டு. சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். மருத்துவமனையில் சேரும்போது செவிலியர் கேட்காவிட்டாலும், நாளொன்றுக்கு எத்தனை டம்ளர், கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.