ஆட்டிசம் உள்ள மாணவனைச் சீண்டினால் பள்ளிக்கு என்ன பொறுப்பு?

கேள்வி: ஆட்டிசம் உள்ள சிறுவன், சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இரைச்சல் தாங்காமல் அவன் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனைச் சக மாணவர்கள் பிடுங்குகிறார்கள். காதருகே காகிதப் பையை ஊதி வெடிக்கிறார்கள். மாதக்கணக்கில் இது நடக்கிறது. ஒருநாள் அவன் கத்திக்கொண்டே ஒருவனைத் தள்ளிவிட்டான். “இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேருங்கள்” என்கிறது நிர்வாகம். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: பள்ளியில் மாணவர்கள் ஒருவரையொருவர் சீண்டுவதை அந்தப் பெயரிலேயே குற்றமாக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் வழக்கே இல்லை என்றாகிவிடாது. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும் பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றின் கனம் சீண்டிய பிள்ளைமீது விழுவதைவிடப் பள்ளியின்மீதே அதிகம் விழுகிறது.

அடிப்படையானது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் அட்டவணையில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பிரிவு 3 பாகுபாட்டைத் தடுக்கிறது. குழந்தைக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்கிறது பிரிவு 2. ஹெட்போன் அணிய அனுமதிப்பது, இடைவேளையில் ஓர் ஆசிரியரின் கண் அவன்மீது இருப்பது, இரைச்சல் மிஞ்சும்போது ஒதுங்கி உட்கார அமைதியான ஓர் இடம் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பிரிவு 16, அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பிள்ளையின் சமூக வளர்ச்சிக்கும் ஏற்ற சூழலில் தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும் என்கிறது. அதைச் செய்ய வைக்க அரசு ‘முயல வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருப்பது சட்டத்தின் பலவீனம். அதனால் மனுவைப் பிரிவு 16-இல் மட்டும் நிறுத்தாமல் பிரிவு 3-உடன் சேர்த்து எழுதுவதே புத்திசாலித்தனம். பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புக் கோர 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று தேவையில்லை. பிரிவு 31-இன் கீழ் இலவசக் கல்வி கேட்கும்போதுதான் அது வேண்டும்.

“இரண்டு பக்கமும் தப்பு” என்ற வாதம்தான் இத்தகைய புகார்களில் பெரும்பாலும் வந்து நிற்கும். சீண்டல் ஆசிரியர் திரும்பி நிற்கும் ஐந்து நொடியில் முடிந்துவிடும். அலறல் வராந்தா முழுக்கக் கேட்கும். பள்ளிப் பதிவேட்டில் ஏறுவது அலறல் மட்டுமே. இருவரையும் நிறுத்தி “கை குலுக்குங்கள், இனி ஃப்ரெண்ட்ஸ்” என்று முடித்துவைக்கும் வழக்கமும் உண்டு. பிறர் தொட்டாலே கூசும் பிள்ளைக்கு அதுவே இன்னொரு தண்டனை. குறைபாட்டினால் எழுந்த எதிர்வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தூண்டியதை விசாரிக்காமல் நடவடிக்கை எடுத்தால், அதைப் பாகுபாடு என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது.

டி.சி. விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. பெற்றோரே கேட்டு வாங்கியதுபோல எழுதி வாங்கும் டி.சி.யும் வெளியேற்றமே என்று வாதிடலாம். எனவே எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அதே பிரிவு 16 சீண்டிய மாணவனையும் காக்கிறது. அவனை உடனே நீக்கச் சொல்லிப் போராடுவது வீண். பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்வதால், அவனைப் பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்தவும் முடியாது. பெற்றோரை வரவழைத்தல், இருக்கையோ பிரிவோ மாற்றுதல், கவுன்சலிங், தொடர்ந்தால் விசாரணைக்குப் பின் தற்காலிக நீக்கம் ஆகியவைதாம் பள்ளியின் கையில் உள்ளவை. சி.பி.எஸ்.இ. 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சீண்டல் தடுப்புக் குழு அமைக்கச் சொல்கின்றன. குழு இருக்கிறதா, யார் யார் உறுப்பினர்கள் என்று எழுத்தில் கேட்டாலே பல நிர்வாகங்களின் தொனி மாறும்.

போலீஸ் புகார் எவ்வளவு தூரம் போகும்? பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏழு வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்வது புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். ஏழு முதல் பதினெட்டு வரை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். கொடிய குற்றம் அல்லாதவற்றில் வழக்கமாக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. மாற்றுத்திறனாளியின் புலனையோ உதவிக் கருவியையோ பயன்படுத்தவிடாமல் வேண்டுமென்றே குறுக்கிடுவதற்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92 ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஹெட்போன் அத்தகைய கருவிதான் என்று வாதிடலாம். ஆனால் பதினோரு வயதுப் பையன்மீது அதைப் பாய்ச்சுவதில் பயன் குறைவு. குழந்தையின் பொறுப்பில் உள்ள பெரியவர்கள் தெரிந்தே அலட்சியப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 75-இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. முன்பே எழுத்தில் புகார் போயிருந்தால்தான் ‘தெரிந்தே’ என்பதை நிரூபிக்க முடியும். சீண்டல் பாலியல் தன்மை கொண்டதாக இருந்தால் நிலைமை வேறு: போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி பள்ளி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம்.

ஆகவே முதல் வேலை எழுதுவது. வகுப்பாசிரியரிடம் போனில் சொன்னது சாட்சியாகாது. தேதியிட்ட மின்னஞ்சல் ஆகும். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால், சம்பவம் நடந்த அன்றே அதைப் பாதுகாக்கக் கோர வேண்டும். பிள்ளை சொன்னதைக் கோவையாகத் திருத்தாமல், “டமால். காது. கார்த்திக் டமால்” என்றால் அப்படியே குறித்துவைப்பது நல்லது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் அந்தக் காரணத்தாலேயே மட்டமானதாகிவிடாது என்று 2021-இல் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

முதல்வர் பதில் தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் ஆகியோரிடம் மனுச் செய்யலாம். ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அமைப்பு எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கும் அசையாத அதிகாரிகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் உதவி இலவசம். இதற்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது.