நட்சத்திரம் முளைத்த கதை

கேள்வி: கூகுளில் தேடும்போது சில பொருள்களின் பெயருக்கடியில் விலை, நட்சத்திரம் எல்லாம் தெரிகிறது. அதற்கு ‘ஸ்கீமா’ போட வேண்டும் என்கிறார் எங்கள் கடைக்கு இணையதளம் அமைத்துத் தந்தவர். இந்த ஸ்கீமா எங்கிருந்து வந்தது? போட்டால் எங்கள் கடை முதலில் வருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வராது. ஸ்கீமா போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பக்கத்தை மேலே ஏற்றுவதில்லை என்று கூகுள் தரப்பிலேயே பலமுறை சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு இந்த வேலை என்றால், அதற்கு விடை அது பிறந்த கதையில் இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் ‘10-8’ என்று போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வாடிக்கையாளருக்கு அது கடை நேரம். கணினிக்கோ அது ஆகஸ்ட் பத்தாம் தேதியாக இருக்கலாம், கதவு எண்ணாக இருக்கலாம், கழித்தல் கணக்காகக்கூட இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்கு 1990களில் கண்ட மருந்துதான் ‘மெட்டா கீவேர்டு’. பக்கம் எதைப் பற்றியது என்பதைப் பார்வையாளர் கண்ணில் படாத தலைப்பகுதியில் தளத்துக்காரரே எழுதிவைக்கலாம். யாரும் பார்க்காத இடத்தில் சொந்தப் பெருமையை எழுதச் சொன்னால் சும்மா இருப்பார்களா? விற்காத சரக்கையும் பக்கத்துக் கடைக்காரர் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. ஸ்கீமாவின் விதிகளில் பாதி இந்தச் சூடு கண்ட பூனையின் விதிகள்தான்.

தகவலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் யோசனை அதோடு சாகவில்லை. சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா, ஆப்பிளிலும் பிறகு நெட்ஸ்கேப்பிலும் இதே வேலையாக இருந்தார். ஆர்டிஎஃப் என்ற தகவல் மொழி உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2001இல் டிம் பெர்னர்ஸ்-லீ மற்ற இருவரோடு எழுதிய கட்டுரை, பொருள் புரிந்த வலை ஒன்றைப் பற்றி உலகுக்கே ஆசை காட்டியது. ஆசைதான் மிச்சம். சீட்டு ஒட்டும் உழைப்பு தளத்துக்காரருடையது. அவருக்கு அதில் என்ன லாபம்? யாஹூ 2008இலும் கூகுள் 2009 மே மாதத்திலும் அந்த லாபத்தைக் காட்டின: சீட்டு ஒட்டிய பக்கத்துக்குத் தேடல் முடிவிலேயே நட்சத்திரமும் விலையும் கிடைத்தன. ஆனால் எந்தச் சொல்லில் சீட்டு எழுதுவது என்பதில் ஆளுக்கொரு முறை. அந்தச் சண்டையை முடிக்கத்தான் 2011 ஜூன் 2 அன்று கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் பிங் மூன்றும் போட்டியை ஒதுக்கிவைத்து ‘ஸ்கீமா டாட் ஆர்க்’ என்ற பொது அகராதியை அறிவித்தன. முன்னின்று நடத்தியவர், அப்போது கூகுளில் இருந்த அதே குஹா.

அந்த அகராதிப்படி உங்கள் ‘10-8’, ‘திறப்பு 10:00, மூடல் 20:00’ ஆகிவிடும். ‘450’ என்ற எண், ‘விலை 450, நாணயம் இந்திய ரூபாய், இருப்பு உண்டு’ ஆகும். ஜேசன்-எல்டி என்ற வடிவம் 2014இல் தரமாக ஏற்கப்பட்ட பிறகு, இதையெல்லாம் பக்கத்தின் ஒரு மூலையில் தனித் துண்டாக ஒட்டிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துண்டும் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது. பழைய கதை திரும்பாதா என்றால், திரும்பத்தான் பார்த்தது. அதனால்தான், பக்கத்தில் வாசகர் காண முடியாததைத் துண்டில் எழுதக் கூடாது என்பது கூகுளின் கறாரான விதி. கடைக்காரர் தன் தளத்தில் தன் கடைக்கே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களை 2019இல் நிறுத்தினார்கள். எல்லோரும் கேள்வி-பதில் ஸ்கீமாவை அள்ளிப் போட, தேடல் முடிவில் அதைக் காட்டுவதை 2023 ஆகஸ்டில் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கினார்கள். ஆக, அலங்காரம் வரும், போகும். பெயர், முகவரி, நேரம், விலை என்ற சாதாரணத் தகவலுக்குத்தான் ஆயுள் அதிகம்.

வரைபடத்தில் தெரியும் கடை நேரம் கூகுளில் நாம் பதிந்த வணிகக் கணக்கிலிருந்துதானே வருகிறது, ஸ்கீமா எதற்கு என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் அந்தக் கணக்கைச் சரிசெய்வதே முதல் வேலை. ஆனால் பொருளின் விலையும் இருப்பும் உங்கள் தளத்தில்தானே இருக்கின்றன? செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொள்கிறதே என்பது இன்னொரு வாதம். படிக்கும், ஊகிக்கவும் செய்யும். 450 என்பது பழைய விலையா தள்ளுபடி விலையா என்பதை அதன் ஊகத்துக்கு விடுவானேன்? விடையைத் தன் பக்கத்திலேயே காட்டிவிட்டு, கடைத் தளத்துக்கு ஆளையே அனுப்பாமல் கூகுள் லாபம் பார்க்கிறது என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

போடுங்கள், செலவு அதிகமில்லை; முதலிடம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். துண்டை ஒட்டும் முன், தளத்தில் போட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.