காடியை விட்டு எது வெளியே போகிறது?

இந்த மாதக் கற்றல் பகுதிக்கு நான் எடுத்திருக்கும் விஷயம் எங்க வீட்டு வாசலிலேயே தொடங்கியது. போன வருஷம் அப்பாவின் மைவிக்கு ரோட்டேக்ஸும் காப்புறுதியும் புதுப்பிக்கும் நேரம். ஏஜெண்ட் ஒரு செயலியைக் காட்டி, "அண்ணே, இதைக் கைப்பேசியில போட்டுக்குங்க. நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு இது பாத்துக்கும். நல்லா ஓட்டினா அடுத்த வருஷம் 20 விழுக்காடு வரைக்கும் கழிவு கிடைக்கும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானே இஞ்சினியரிங் படிக்கிற, பாத்துச் சொல்லு தம்பி." நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், பேட்டரி சீக்கிரம் தீர்ந்து போகுமா என்று. போகாது எனத் தெரிந்ததும், "போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்துச் செயலி கொடுத்த மதிப்பெண் 68. கழிவு 10 விழுக்காடு. அப்பாவுக்குப் பணத்தை விட அந்த 68 தான் வலித்தது. "இருபத்து நாலு வருஷமா ஓட்டுறேன். ஒரு கேஸ் கிடையாது. எனக்கு 68-ஆ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. நம் நாட்டில் வாகனக் காப்புறுதியின் விலை நீண்ட காலம் ஒரே பட்டியல்படிதான் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் முழுப் பாதுகாப்புக் காப்புறுதிக்கு அந்தப் பட்டியல் தளர்த்தப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி விலை வைக்கலாம். ஆனால் உரிமை கோராதவர்களுக்கான கழிவு, நாம் எல்லாரும் என்சிடி என்று சொல்வது, பழையபடியே இருக்கிறது. சொந்தக் காடிக்கு முதல் வருஷம் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாவது வருஷம் 55. அப்பா எப்போதோ 55-க்கு வந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் என்சிடியும் ஒரு கண்காணிப்புதான். ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி: இந்த வருஷம் உரிமை கோரினாயா இல்லையா? நீ எங்கே போனாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்காது.

55 விழுக்காடு போக அப்பாவின் பிரீமியம் ஏறக்குறைய 345 வெள்ளி. அதில் 10 விழுக்காடு 34 வெள்ளி 50 காசு. வேலைக்குப் போக, வர, கடைக்கு, கோயிலுக்கு என்று ஒரு நாளைக்கு நாலு பயணம் வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 1,400 பயணம். வகுத்துப் பாருங்க. ஒரு பயணத்தின் முழுக் குறிப்புக்கும் அப்பாவுக்குக் கிடைத்த விலை இரண்டரை காசு. கடையில் பில்லை 5 காசுக்கு முழுமையாக்கும் நம் நாட்டில் இரண்டரை காசைத் தனியாகக் கொடுக்கக்கூட முடியாது.

இனி, கருவி எப்படி வேலை செய்கிறது? மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னப் பெட்டி. 16 முள் உள்ள அந்தச் சாக்கெட் அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். இன்று நாம் ஓட்டும் காடிகளிலும் பெரும்பாலும் இருக்கும். வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் விளக்கு எரிந்தால் கம்பியைச் செருகுவார்களே, அதே இடம். வேகத்தை அது காடியின் கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, கைப்பேசிச் செயலி. அதில் இருக்கும் முடுக்கமானியும் ஜிபிஎஸ்ஸும் போதும், காடியைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, காடித் தயாரிப்பாளர் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் இணைய இணைப்பு. இதைப் பற்றிப் பிறகு சொல்றேன், அதுதான் பெரிய கதை.

கைப்பேசிக்கு ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் ஓட்டுகிறீர்களா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அதற்கு எப்போதும் சரியாகத் தெரியாது. அப்பா வாரத்தில் இரண்டு நாள் கூட வேலை செய்பவரின் காடியில் போவார். அவர் ஓட்டுவதைப் பற்றி நான் இங்கே எழுதினால் வீட்டுக்கு வந்து சண்டை போடுவார். அந்தப் பயணங்களும் அப்பாவின் கணக்கில்தான் ஏறியிருக்கின்றன. செயலியில் போய் 'நான் பயணி' என்று மாற்றலாமாம். அது அப்பாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியாது.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் புரோகிரசிவ் நிறுவனம் 1998-இலேயே ஹூஸ்டன் நகரில் இந்த வகைக் காப்புறுதியைச் சோதித்துப் பார்த்தது. அதன் ஸ்னாப்ஷாட் திட்டத்தில், ஒரு விநாடிக்குள் வேகம் 7 மைல், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், குறைந்தால் அது கடும் பிரேக். நம் பாடக் கணக்கில் இது 3.1 மீட்டர்/விநாடி², புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காடி இந்த எல்லையைத் தாண்டாமல் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? வேகத்தை வர்க்கமாக்கி, 3.1-இன் இரண்டு மடங்கால் வகுத்தால் 45 மீட்டர் வரும். பதினோரு மைவியை வரிசையாக நிறுத்தினாலும் அந்த இடம் முழுதாக நிரம்பாது. பட்டர்வொர்த் பக்கம் மாலை ஆறு மணிக்கு முன்காடிக்கும் உங்களுக்கும் நடுவில் 45 மீட்டர் விட்டுப் பாருங்க. அந்த இடத்தில் ஒரு லோரியும் நாலு மோட்டாரும் வந்து நிற்கும்.

இதில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் ஒரு தடவை கடும் பிரேக் போட்டால் அது மற்றவர் தவறாக இருக்கலாம். தினமும் போட்டால், முன்காடியை ஒட்டி ஓட்டுகிறார் என்றுதான் அர்த்தம். நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது இரண்டு விநாடி இடைவெளி என்பது 61 மீட்டர். நம்மில் எத்தனை பேர் அதை விடுகிறோம்? நான் விட்டதில்லை, இந்தக் கட்டுரைக்குக் கணக்குப் போட்ட பிறகுதான் விடுகிறேன். இளைஞர்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் 2012 டிசம்பர் 21 முதல் அங்கே ஆண், பெண் என்று பார்த்துக் காப்புறுதி விலை வைக்கக் கூடாது என்றானது. வயதையும் பாலினத்தையும் வைத்துக் குத்துமதிப்பாக விலை சொல்வதற்குப் பதிலாக, உண்மையில் எப்படி ஓட்டுகிறாய் என்று பார்ப்பது நல்லதுதானே? பிரிட்டனில் புதிதாக லைசென்ஸ் எடுத்த பல இளைஞர்கள் காடியில் கறுப்புப் பெட்டியை விரும்பியே வைத்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் அப்பாவின் 68 எங்கே போய் விழுந்தது? செயலியைத் திறந்து ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தேன். வேகம் நன்று. திருப்பங்கள் நன்று. பிரேக் பரவாயில்லை. மதிப்பெண் அதிகமாகக் குறைந்த இடம் 'இரவுப் பயணம்'. நள்ளிரவு 12 முதல் 4 மணிக்குள் ஓட்டினால் ஆபத்து அதிகம் என்று செயலி எண்ணுகிறது.

அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாலை 4 மணி ஷிப்ட் நள்ளிரவு 12-க்கு முடியும். வீட்டுக்கு வந்து சேர 12.40. காலியான சாலையில் 70-இல், இடது பக்கமாக, ஒரு நாளும் அவசரப்படாமல் வருவார். ஒவ்வொரு இரவும் அது அவருக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு அதிகாலை மூன்று மணிக்குக் குடும்பமாகப் பாலம் கடந்து வந்தோம், அதுவும் இருக்கிறது. இரவில் விபத்து அதிகம் என்பது பொதுவாக உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செயலிக்கு விற்கப்பட்ட பெயர் 'நல்லா ஓட்டினா கழிவு'. அப்பாவின் மதிப்பெண்ணைக் குறைத்தது அவர் ஓட்டும் விதமல்ல, அவர் ஷிப்ட். நம் சமூகத்தில் செக்யூரிட்டி, நர்ஸ், தொழிற்சாலை, லோரி என்று இரவில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தாமானிலேயே எண்ணிப் பாருங்க.

இப்போ தனியுரிமை. "எங்க பெட்டியில ஜிபிஎஸ் கிடையாது, வேகம் மட்டும்தான் பதிவாகும்" என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. கேட்க நிம்மதியாக இருக்கும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. காடி புறப்படும் இடமும் விநாடிக்கு விநாடி வேகமும் தெரிந்தால், சாலை வரைபடத்தோடு ஒப்பிட்டு அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பல பயணங்களில் ஊகிக்க முடிந்தது. யோசித்தால் புரியும். நாற்சந்தியில் வேகம் குறையும், வளைவில் குறையும், நெடுஞ்சாலையில் நேராக ஓடும். வேகக் கோடு சாலையின் கைரேகை மாதிரி. புறப்படும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை, உங்கள் வீட்டு முகவரி பாலிசியிலேயே இருக்கிறது. அது போக, 2015-இல் சான் டியேகோ ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஒரு செருகு பெட்டிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, மெதுவாக ஓடிய ஒரு கார்வெட் காடியின் பிரேக்கையே கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

மூன்றாவது வழியைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? 2024 மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சியாட்டல் பக்கம் ஒருவர், ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் காடி வைத்திருப்பவர், விபத்தே செய்யாதவர். அவருடைய காப்புறுதி 21 விழுக்காடு ஏறியது. காரணம் தேடியபோது, லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தரவு நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வந்தது 258 பக்க அறிக்கை. அதில் அவரும் மனைவியும் ஆறு மாதத்தில் ஓட்டிய 640 பயணங்கள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தூரம், கடும் பிரேக் எல்லாம் இருந்தன. அவர் எந்தப் பெட்டியையும் வாங்கிச் செருகவில்லை. கழிவும் கேட்கவில்லை. தகவல் காடியிலிருந்தே போயிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், இத்தகைய தரவு நிறுவனங்களுக்கு ஓட்டுநர் தகவலை ஐந்து ஆண்டுகள் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவை அந்தக் காடி நிறுவனத்தின் மேல் முன்வைத்தது. சில தகவல்கள் மூன்று விநாடிக்கு ஒருமுறை சேகரிக்கப்பட்டன என்றும் ஆணையம் குற்றம் சாட்டியது.

இதை என் அறைத்தோழனிடம் சொன்னேன். "டேய், நீ டோல் கட்டும்போதே டச் என் கோவுக்கு எல்லாம் தெரியும். கூகளுக்கு அதுக்கு மேலயும் தெரியும். இன்னும் என்னடா மறைக்கிற?" என்று சிரித்தான். பாதி சரிதான். ஆனால் டோல்காரருக்குத் தெரிந்ததால் என் டோல் கட்டணம் ஏறாது. காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிந்தால் விலையே மாறும். இன்று கழிவாக வருவது நாளைக்குக் கூடுதல் கட்டணமாக மாறலாம். எல்லாரும் செயலியைப் போட்டுவிட்டால், போடாதவன் மேல் சந்தேகமும் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. எந்தத் தகவலை, எதற்காக எடுக்கிறோம், யாருக்குக் கொடுப்போம் என்று நிறுவனம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நம் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் மலாய்ப் பிரதியைக் கேளுங்க, அது உரிமை. கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். நம்மைப் பற்றிய தகவலின் நகலையும் கேட்டு வாங்கலாம். 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, தகவலை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமை 2025 ஜூன் 1 முதல் சேர்ந்தது. இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க.

இஞ்சினியரிங் மாணவனாக எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: இவ்வளவு தகவல் வெளியே போகத் தேவையே இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இலேயே ஒரு வடிவமைப்பைக் காட்டினார்கள். கணக்கு முழுவதும் காடிக்குள் இருக்கும் பெட்டியிலேயே நடக்கும், நிறுவனத்துக்குப் போவது மாதக் கட்டணம் மட்டும். சந்தேகம் வந்தால் வண்டிக்காரரே விவரத்தை எடுத்துக் காட்டிச் சரிபார்க்கலாம். இன்று நம் கைப்பேசிகள் அன்றைய பெட்டியைவிடப் பல மடங்கு வேகமானவை. அதனால் 'முடியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதைவிட எளிமையான வழியும் இருக்கிறது, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுத்து அனுப்புவது. குறைவாக ஓட்டுபவருக்குக் கழிவு. வருஷத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான்.

அதனால் உங்க வீட்டில் யாராவது இப்படி ஒரு செயலியைப் போடப் போனால், நான் கேட்டது மாதிரி பேட்டரியைப் பற்றிக் கேட்காதீங்க. காடியை விட்டு வெளியே போவது மொத்த மதிப்பெண்ணா, ஒவ்வொரு பயணமுமா என்று கேளுங்க. மதிப்பெண் குறைந்தால் கழிவு மட்டும் போகுமா, விலையும் ஏறுமா? இரவு ஷிப்டை எப்படி எண்ணுகிறார்கள்? செயலியை அழித்தால் பழைய தகவலும் அழியுமா? ஏஜெண்டுக்குப் பதில் தெரியவில்லை என்றால், எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்க.

அப்பாவுக்கு இந்த வருஷம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். 34 வெள்ளி 50 காசு வேண்டாம் என்று நான் சொல்லலாம், ஆனால் அது அவர் சம்பளம், அவர் காடி. அவர் முடிவெடுக்கும் முன்னே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். சரி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதினோம். சட்டப்படி 21 நாளில் பதில் தர வேண்டும். இன்று ஒன்பதாவது நாள். கடிதத்தின் மாதிரி வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும்போது என்னிடம் கேளுங்க, பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.