ஹெல்வெட்டிகாவா, ஏரியலா? ஓர் எழுத்துருவைப் படிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ஐம்பது, நூறு பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மில் பலருக்கு அவை வெறும் பெயர்கள்தான். பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த எழுத்து வந்துவிட்டது என்று நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு அந்த நம்பிக்கை போய்விட்டது.

என் அண்ணன் மகள் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். ஓர் எழுத்துருவை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும் அடையாளங்களையும் ஒரே ஏ3 தாளில் போஸ்டராக வடிவமைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தரப்பட்ட பயிற்சி. அவள் தேர்ந்தெடுத்தது ஹெல்வெட்டிகா. கல்லூரி லேபில் மேக் கம்ப்யூட்டரில் தொடங்கிய ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்தாள். என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தோம். எழுத்துருப் பெட்டியில் ஹெல்வெட்டிகா என்றே இருந்தது. வரிகள் லேபில் முடிந்த அதே இடத்தில்தான் முடிந்தன. ஒரு சொல்கூட அடுத்த வரிக்கு நகரவில்லை. எழுத்துகளைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் அம்புக்குறி போட்டு, "இதுதான் ஹெல்வெட்டிகாவின் அடையாளம்" என்று ஏழெட்டுக் குறிப்புகள் எழுதினோம். திங்கட்கிழமை காலை போஸ்டரைக் கொடுக்க வேண்டும்.

இரவு பத்து மணிக்கு, நூலகத்திலிருந்து கொண்டுவந்த வடிவமைப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "சித்தப்பா, புத்தகத்துல ஆர் எழுத்தோட கால் நேரா கீழ இறங்குது. நம்ம பிரிண்ட்ல சாய்ஞ்சு போகுதே?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் மாலை முழுவதும் படித்தது ஹெல்வெட்டிகாவை அல்ல, ஏரியலை!

என் கம்ப்யூட்டரில் ஹெல்வெட்டிகா இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக இருக்கும் ஒன்றைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சரிபார்க்காமல் விட்டது என் தவறு. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எழுத்துரு மாறினால் வரிகள் கலைந்து, பக்கம் குலைந்துபோகுமே? இங்கே ஏன் எதுவுமே அசையவில்லை? இதற்கான விடை அந்த எழுத்துருக்களின் வரலாற்றில் இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த எழுத்து

1950களில் அச்செழுத்து என்பது ஈயக் கலவையில் வார்த்த உலோகத் துண்டு. எழுத்து வார்க்கும் ஃபவுண்டரிகள் புதிய எழுத்துகளை வடிவமைத்து அச்சகங்களுக்கு விற்றன. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே மூன்ஷென்ஸ்டைன் என்ற ஊரில் ஹாஸ் ஃபவுண்டரி இருந்தது. அப்போது ஸ்விஸ் வடிவமைப்பாளர்கள் விரும்பிக் கேட்டது ஜெர்மனியின் பெர்த்தோல்ட் நிறுவனம் விற்ற ஆக்சிடென்ஸ் குரோட்டெஸ்க் என்ற பழைய எழுத்தை. செரிப் எனப்படும் சிறு முனைக்கோடுகள் இல்லாத எழுத்து அது. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போவதைக் கண்ட ஹாஸ் நிறுவனத்தின் தலைவர் எட்வர்ட் ஹாஃப்மன், அதற்குப் போட்டியாக ஓர் எழுத்தை உருவாக்க முடிவு செய்தார்.

இந்தப் பணிக்கு அவர் அழைத்தவர் மாக்ஸ் மீடிங்கர். அதே ஃபவுண்டரியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, பின்பு சூரிச் நகரில் தனியாகத் தொழில் நடத்தியவர். வாடிக்கையாளருக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர். மீடிங்கர் வரைந்து அனுப்புவார். ஹாஃப்மன் பார்த்துத் திருத்தம் சொல்வார். இப்படி உருவான எழுத்து 1957ல் நோயே ஹாஸ் குரோட்டெஸ்க் என்ற பெயரில் வெளியானது. "புதிய ஹாஸ் குரோட்டெஸ்க்" என்பது இதன் பொருள்.

இந்தப் பெயரை வைத்து உலகம் முழுவதும் விற்பது கடினம். ஜெர்மனியில் ஸ்டெம்பல் நிறுவனமும் லைனோடைப் நிறுவனமும் இதனை எடுத்துக்கொண்டபோது, 1960ல் ஹெல்வெட்டிகா என்று பெயர் மாற்றினர். ஸ்விட்சர்லாந்தின் லத்தீன் பெயரான ஹெல்வெஷியாவிலிருந்து வந்த பெயர் இது.

அதன் பின் இந்த எழுத்து உலகெங்கும் பரவியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்திற்காக 1967ல் மாஸிமோ விக்னெல்லி இதனை வைத்தே லோகோ அமைத்தார். அது 2013 வரை பயன்பாட்டில் இருந்தது. ஐம்பதாவது ஆண்டான 2007ல் ஹெல்வெட்டிகா என்ற பெயரிலேயே காரி ஹஸ்ட்விட் ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தார். ஓர் எழுத்துருவைப் பற்றி ஒரு முழுப்படம்!

ஏரியல் வந்த வழி

1980களில் லேசர் பிரிண்டர்கள் வந்தன. 1985ல் வெளியான ஆப்பிள் லேசர்ரைட்டருக்குள் டைம்ஸ், கூரியர் எழுத்துகளுடன் ஹெல்வெட்டிகாவும் இடம் பெற்றது. போஸ்ட்ஸ்கிரிப்ட் முறையில் பிரிண்ட் எடுப்பவர்களுக்கு ஹெல்வெட்டிகா அடிப்படை எழுத்தாகிவிட்டது.

இதற்கு முன்பே, 1982ல், இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கோலஸும் பட்ரீஷியா சாண்டர்ஸும் ஐபிஎம் லேசர் பிரிண்டர்களுக்காக ஓர் எழுத்தை வரைந்திருந்தனர். அதுதான் ஏரியல். இதில் கவனிக்க வேண்டியது, ஏரியலின் ஒவ்வொரு எழுத்தும் ஹெல்வெட்டிகாவில் அதே எழுத்துக்கு உள்ள அகலத்தையே கொண்டது. எழுத்தின் பாயிண்ட் அளவை 1000 பங்காகப் பிரித்தால் பெரிய ஆர் எழுத்துக்கு இரண்டிலும் 722 பங்கு அகலம். சின்ன ஏ எழுத்துக்கு இரண்டிலும் 556 பங்கு. எனவே ஹெல்வெட்டிகாவில் அமைத்த பக்கத்தை ஏரியலில் பிரிண்ட் செய்தாலும் வரி எதுவும் நகராது.

1992ல் வெளியான விண்டோஸ் 3.1 தொகுப்பில் ட்ரூடைப் எழுத்துருவாக ஏரியல் சேர்க்கப்பட்டது. அப்படித்தான் அது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்தது. ஹெல்வெட்டிகா என்று கேட்டால் ஏரியலைக் கொடு என்ற குறிப்பும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உள்ளது. எங்கள் போஸ்டரில் ஒரு சொல்கூட நகராததற்குக் காரணம் இதுதான். நாங்கள் ஏமாந்தது தற்செயல் அல்ல. பக்கம் மாறாமல் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு வரையப்பட்ட எழுத்து அது.

இன்னொரு வேடிக்கை: 2006ல் மோனோடைப் நிறுவனம் லைனோடைப் நிறுவனத்தை வாங்கியது. இரண்டு எழுத்துருக்களும் ஒரே வீட்டிற்கு வந்துவிட்டன.

கண்ணால் பிரித்தறிய ஐந்து இடங்கள்

அகலம் ஒன்றாக இருந்தாலும் முகம் வேறு. எழுத்தை 200 பாயிண்ட் அளவிற்குப் பெரிதாக்கிக் கீழ்க்காணும் இடங்களைப் பாருங்கள்.

1. பெரிய ஆர்: ஹெல்வெட்டிகாவில் கால் வளைந்து நேராகக் கீழே இறங்கும். ஏரியலில் சாய்வாக வெளியே நீளும்.

2. பெரிய ஜி: ஹெல்வெட்டிகாவில் வலது கீழ் மூலையில் சிறு முள் போன்ற நீட்டம் இருக்கும். ஏரியலில் அது இல்லை.

3. சின்ன டி ("டைம்" என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வருவது): ஹெல்வெட்டிகாவில் உச்சி மட்டமாக வெட்டப்பட்டிருக்கும். ஏரியலில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்.

4. பெரிய சி: கோடு முடியும் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஹெல்வெட்டிகாவில் அவை தரைக்கு இணையாக இருக்கும். ஏரியலில் சற்றே சாய்ந்திருக்கும்.

5. சின்ன ஏ: ஹெல்வெட்டிகாவின் சாதாரண தடிமனில், வலது கீழே சிறிய வால் இருக்கும். ஏரியலில் அந்த வால் இல்லை.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது விதி தெரியும். ஹெல்வெட்டிகாவில் முனைகள் மட்டமாகவோ செங்குத்தாகவோதான் முடிகின்றன. அந்த எழுத்தின் அசையாத, உறுதியான தோற்றத்திற்குக் காரணம் இது. ஐந்து அடையாளங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு விதியைப் புரிந்துகொள்வது நல்லது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முனைகள் இப்படி உள்நோக்கி மூடிக்கொள்வதால், சிறிய அளவில் சி எழுத்து ஓ போலவும், 3 என்ற எண் 8 போலவும் தோன்றக்கூடும். எனவே பெரிய தலைப்பிற்கும் பெயர்ப் பலகைக்கும் ஹெல்வெட்டிகா பொருந்தும். சிறிய அளவில் நீண்ட கட்டுரை அமைக்க யோசிக்க வேண்டும். மானிட்டரில் படிப்பதற்கென்றே மாத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வெர்டானாவில் முனைகள் நன்கு திறந்திருப்பதைப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனமும் ஐபோனிலும் மேக்கிலும் ஹெல்வெட்டிகா வகை எழுத்துகளைப் பயன்படுத்திவிட்டு, 2015ல் சான் ஃபிரான்சிஸ்கோ என்ற சொந்த எழுத்துருவிற்கு மாறியது.

நீங்களே சோதித்துப் பார்க்க

வேர்ட் தொகுப்பில் ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, அட்வான்ஸ்டு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஷோ டாக்குமெண்ட் கண்டெண்ட் என்ற பகுதியில் ஃபாண்ட் சப்ஸ்டிடியூஷன் என்ற பட்டன் இருக்கும். அதனை அழுத்தினால், உங்கள் ஃபைல் கேட்ட எழுத்துரு எது, அதற்குப் பதிலாக எது தரப்பட்டுள்ளது என்ற பட்டியல் கிடைக்கும். எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரை நம்ப வேண்டாம். இல்லாத எழுத்துருவின் பெயரும் அங்கே தெரியும்.

பிடிஎஃப் ஃபைலாக இருந்தால், அக்ரோபட் ரீடரில் டாக்குமெண்ட் பிராபர்ட்டீஸ் திறந்து ஃபாண்ட்ஸ் டேபைக் கிளிக் செய்யுங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் எம்பெடட் என்று இருந்தால் எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே உள்ளது. எங்கே திறந்தாலும் மாறாது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேறு எழுத்தைக் கொடுக்கலாம். வெளியே பிரிண்டிங்கிற்குக் கொடுக்கும் முன் இதனைக் கட்டாயம் பாருங்கள். திருமண அழைப்பிதழ் என்றாலும் கல்லூரி புராஜக்ட் என்றாலும் விதி ஒன்றுதான்.

ஹெல்வெட்டிகா விலை கொடுத்து உரிமம் பெற வேண்டிய எழுத்துரு. காசு செலவில்லாமல் அதன் வடிவத்தைப் படிக்க விரும்புபவர்கள் டெக் கைர் ஹீரோஸ் என்ற இலவச எழுத்துருவை இறக்கிப் பயன்படுத்தலாம். யுஆர்டபிள்யூ நிறுவனத்தின் நிம்பஸ் சான்ஸ் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட இது ஹெல்வெட்டிகாவை ஒத்த வடிவம் உடையது. லிபர் ஆபீஸ் பயன்படுத்துபவர்களிடம் உள்ள லிபரேஷன் சான்ஸ் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2007ல் வெளியான அதற்கும் ஏரியலின் அகலமே. முகம் மட்டும் வேறு. மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைத்து, பெயரை மறைத்துவிட்டு, எது எது என்று வீட்டில் உள்ளவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல பயிற்சி.

போஸ்டர் என்ன ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் ஒரு தோழியின் வீட்டிற்குச் சென்று, அங்கிருந்த மேக்கில் தன் ஃபைலைத் திறந்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் எடுத்து வந்தாள். எங்கள் பென்சில் குறிப்புகளில் பாதிக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. அவற்றைத் தூக்கி எறியலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

போஸ்டரின் நடுவில் இரண்டு எழுத்துருக்களின் ஆர் எழுத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். ஹெல்வெட்டிகா கறுப்பில், ஏரியல் சிவப்புக் கோட்டில். இடமும் வலமும் ஒரே அகலம் என்று காட்ட இரண்டு மெல்லிய செங்குத்துக் கோடுகள். கறுப்பிலிருந்து விலகிச் செல்வது அந்தச் சிவப்புக் கால்தான். கீழே 1957, 1960, 1982, 1992 என்ற நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு வரிக் குறிப்பும். எழுத்துகள் இரண்டே அளவில், இடது ஓரம் மட்டும் நேராக, மீதி இடம் வெற்றாக. ஸ்விஸ் வடிவமைப்பாளர்கள் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அமைக்கும் முறையும் இதுவே என்பதால், எழுத்தும் அமைப்பும் பொருந்திவிட்டன. எங்கள் தவறு இல்லாவிட்டால் அந்த நடுப்படம் வந்திருக்காது.

ஓர் எழுத்துருவைப் படிக்க விரும்பினால் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்தத் தேவைக்காக வரையப்பட்டது? அந்தத் தேவை இதன் வடிவத்தில் எங்கே தெரிகிறது? அது இன்றைய என் வேலைக்குப் பொருந்துமா? விடை தேடும்போது, பட்டியலில் வெறும் பெயராக இருந்தது ஒரு முகமாக மாறும். அடுத்த முறை ஏரியலில் கடிதம் அடிக்கும்போது ஆர் எழுத்தின் காலைச் சற்றே கவனியுங்கள். பிறகு பெயர்ப் பலகைகளைப் பார்க்காமல் தெருவில் நடக்க உங்களால் முடியாது.