172233க்கு இன்னும் பதில் வருகிறது

விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினியை இணையத்தில் சேர்க்க ஒரு நெட்வொர்க் கார்டு போதும். அந்தப் பழைய மோடம் கூச்சலும் வேண்டுமென்றால் மறுமுனையில் அழைப்பை எடுக்க ஆள் வேண்டும். கடலூரில் என் வீட்டு அலமாரியில் ஒரு ராஸ்பெரி பை அந்த வேலையைச் செய்கிறது.

முதலில் மோடம். காயலான் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கணினிக்குள் செருகும் கார்டுகள். அவற்றில் பல, பாதி வேலையை விண்டோஸின் தலையில் கட்டிவிடும். லினக்ஸில் சர்வராக உட்கார வைக்க லாயக்கில்லை. சீரியல் கேபிளில் இணையும் வெளிமோடமே நல்லது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் கேபிள் முள்ளெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகும் இணைப்பு வராவிட்டால் மட்டும் மோடத்தைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது லைன். உண்மையான லேண்ட்லைனில் 48 வோல்ட் ஓடும். மணி அடிக்கும்போது இன்னும் கூடும். அதில் இந்தச் சோதனைகளைக் கோர்க்கவே வேண்டாம். சாதாரண போனை இணையத் தொலைபேசியோடு இணைக்கும், இரண்டு போன் துளைகள் உள்ள ஏடிஏ பெட்டி ஒன்று வாங்குங்கள். என்னிடம் இருப்பது லிங்க்சிஸ் பிஏபி2டி. டயல் டோன், மணி, லைன் மின்சாரம் எல்லாவற்றையும் அதுவே தந்துவிடும். ராஸ்பெரி பையில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை நிறுவி இரண்டு துளைகளையும் இணைத்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு எக்ஸ்சேஞ்ச் தயார். சர்வர் மோடத்துக்கு நான் கொடுத்த எண் 172233. பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் டயல்-அப் காலத்தில் டயல் செய்த அதே எண் என்பதால், கணினியில் இருந்த பழைய டயல்-அப் ஐகானில் எண்ணை மாற்றவே தேவைப்படவில்லை.

ஏடிஏ அமைப்பில்தான் பொறுமை வேண்டும். கோடெக் ஜி.711 ஆகவே இருக்கட்டும்; ஜி.729 மனிதக் குரலுக்காகச் செய்தது, மோடம் சத்தத்தைக் குதறிவிடும். எக்கோ கேன்சலேஷன், சைலன்ஸ் சப்ரெஷன், கால் வெயிட்டிங் மூன்றையும் அணைத்துவிடுங்கள். டயல் டோன் இல்லை என்று மோடம் அடம்பிடித்தால் ஏடிஎக்ஸ்3 கட்டளை போதும். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும் இரண்டு சாதாரண மோடங்களுக்கிடையே உச்சம் 33.6தான். 56க்குச் சேவை நிறுவனத்தின் முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும்.

மிச்சம் மென்பொருள்: எம்கெட்டி அழைப்பை எடுக்கும், பிபிபிடி ஐபி முகவரி தரும், ஐபிடேபிள்ஸ் வெளியே வழிவிடும். இதெல்லாம் ஒரு மாலை வேலை.

"ஏம்ப்பா, என் வீட்டிலிருந்தும் டயல் பண்ண முடியுமா?" என்று கேட்டார் சிதம்பரம் நண்பர். செல்போன் வழியாக நடக்காது. அது குரலை நசுக்கித்தான் அனுப்பும். அவர் வீட்டிலும் ஒரு ஏடிஏ வைத்து, இரு வீட்டையும் விபிஎன்னில் கட்டினோம். நடுவே ஓரிரு பாக்கெட் தொலைந்தாலும் 33.6 இணைப்பு அறுந்துவிடும். 14.4க்கு இறக்கிய பிறகு நிலைத்தது. வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

இணைத்த பிறகு எதைப் பார்ப்பது? இன்றைய எச்டிடிபிஎஸ் பூட்டுகள் பழைய பிரவுசருக்குத் திறக்காது. ஃபிராக்ஃபைண்ட் போன்ற எளிய தேடல் தளங்கள் உதவும். தமிழுக்கு அது போதாது, ஏனென்றால் விண்டோஸ் 98க்குத் தமிழ் யூனிகோடு தெரியாது. அதனால் பையிலேயே ஒரு சிறு வலைத்தளம் வைத்தேன். தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருப்பதால் அப்படியே ஓடும். புதிய கட்டுரைகளை லினக்ஸின் ஐகான்வ் கட்டளை டிஸ்கிக்கு மாற்றித் தருகிறது. பிரவுசரில் 'யூசர் டிஃபைன்ட்' குறியீட்டைத் தேர்ந்து, இணைமதி எழுத்துருவைக் கொடுத்தால் முடிந்தது. 14.4 வேகத்துக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: 'கு' என்ற எழுத்துக்கு யூடிஎஃப்-8இல் 6 பைட், டிஸ்கியில் ஒன்றே ஒன்று.