வெளிச்சம் ஓரிடம், செலவு வேறிடம்

குழுக்களுக்கான பாடம்: எரிபொருளும் மாற்றுச் சக்தியும்



வீட்டை விட்டு வெளியேறி வந்த குடும்பம் முதல் நாள் மாலையில் எதைத் தேடுகிறது? ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர், அதற்கடுத்து விறகு. அரிசி, பருப்பு, பாய், தறப்பாள் எல்லாம் நிவாரணப் பட்டியலில் இருக்கும். அந்த அரிசியை எதை எரித்து வேகவைப்பது என்பது பெரும்பாலும் பட்டியலில் இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தபோதும் வீடிழந்து வந்தவர்களுக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. பழைய இடத்தில் எந்த மேட்டில் சுள்ளி கிடைக்கும், எந்தக் கடையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கடனுக்குத் தருவார்கள் என்பது தெரியும். புதிய இடத்தில் அந்த அறிவும் இல்லை, அந்தக் கடையும் இல்லை.

ஆகவே சக்தி என்பது பொறியியலாளர் மட்டும் பேசவேண்டிய விடயமல்ல. எண்ணெயும் நிலக்கரியும் கெட்டவை, தண்ணீரும் சூரியனும் நல்லவை என்று பாடசாலைப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஊவாவில் வாழும் நமக்கு அந்தக் கட்டுரை போதாது. எந்தச் சக்திக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார், பயனை அடைபவர் யார் என்ற கேள்வியோடு இப்பாடத்தைப் படிப்போம். லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்டப்போகிறவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை செலவுக் கணக்குப் பார்ப்பதைப் பற்றியது. அவன் தன் கையிருப்பைத்தான் எண்ணினான். நமது காலத்திலோ கோபுரம் ஒருவருடையதாகவும் செலவு இன்னொருவருடையதாகவும் இருப்பதுண்டு.

மண்ணெண்ணெயும் கொழுந்தும்

எண்ணெய், நிலக்கரி, காஸ் ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த செடிகொடிகளிலிருந்தும் கடலுயிர்களிலிருந்தும் உண்டானவை. ஒருமுறை எரித்தால் தீர்ந்தது. நமது நாடு இவற்றைத் தோண்டி எடுப்பதில்லை, டொலர் கொடுத்து வாங்குகிறது. டொலர் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. முந்திய ஒக்டோபரில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபா. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. போத்தல் கணக்கில் சொன்னால், 65 ரூபாவுக்கு வாங்கிய போத்தல் மறுநாள் 255 ரூபா. வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்குக்கும் போஞ்சிக்கும் மண்ணெண்ணெய்ப் பம்பினால் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது விளக்குச் செலவு மட்டுமல்ல, விளைச்சலின் செலவும் ஆயிற்று.

இன்னொரு கணக்கும் உண்டு. அது அதிகம் பேசப்படாதது. 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாடு 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடன்பட்டிருந்தது. அந்நாட்டின் மீதான தடைகளால் பணமாகக் கொடுக்க வழியில்லை. 2021 டிசம்பரில் ஓர் உடன்பாடு செய்தார்கள்: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனைத் தீர்ப்பது. வகுத்துப் பாருங்கள், 50 மாதம், அதாவது நான்கு ஆண்டுக்கு மேல். என்றோ எரிந்து புகையாகிப்போன எண்ணெய்க்குத் தேயிலையால் ஈடு. எண்ணெய் மலிவா, விலையா என்று யாராவது கேட்டால், கூடையைத் தலையில் மாட்டும் அக்காமாரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

நிலக்கரியின் கதை புத்தளம் மாவட்டத்தில். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 300 மெகாவாற் கொண்ட மூன்று பகுதிகளாக 900 மெகாவாற் தரக்கூடியது. முதற்பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. வரட்சியில் நீர்த்தேக்கங்கள் இறங்கும்போது நமது வீட்டு மின்குமிழ் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம், அதை மறுக்க வேண்டாம். ஆனால் நிலக்கரித் தூசும் சாம்பலும் தமது மரக்கறிப் பாத்திகளிலும் வீடுகளிலும் படிவதாக அங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களும் விவசாயிகள், மீனவர்கள். எரிந்த நிலக்கரியின் புகை பூமியைச் சூடாக்குகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, ஆகவே மழை கொட்டும்போது அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. செங்குத்தான மலைச்சரிவில் குடியிருக்கும் நமக்கு அதன் பொருள் புரியும்.

உமா ஓயா

அப்படியானால் நீர்மின்சாரம்? புகையில்லை, டொலர் கொடுத்து வாங்கும் எரிபொருளும் இல்லை. இதற்கு நமது மாகாணத்திலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

வெலிமடைப் பக்கமாக ஓடி மகாவலியில் சேருவது உமா ஓயா. அதை புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகட்டி மறித்து, பண்டாரவளை, எல்ல மலைகளுக்கு அடியால் சுரங்கப்பாதையில் கொண்டுசென்று, வெல்லவாயப் பக்கத்தில் ரந்தெனியவில் நிலத்துக்கடியிலுள்ள மின்நிலையத்தில் விழச்செய்வது திட்டம். சுரங்கங்களின் நீளம் 20 கிலோமீற்றருக்கும் அதிகம். மின்சாரம் 120 மெகாவாற். அதன்பின் அத்தண்ணீர் மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வரண்ட வயல்களுக்கும் குடிநீருக்கும் போகும். தண்ணீரில்லாத விவசாயிக்குத் தண்ணீர் கொடுப்பதை யார் குறை சொல்வார்?

2008 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். 2014 டிசம்பரில் மலையைக் குடைந்துகொண்டிருந்தபோது சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மலைக்குள் தேங்கியிருந்த நிலத்தடி நீர் அது. அதன்பின் பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. மண் இறங்கியது, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பாதிக்கப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில். குடிக்கத் தண்ணீர் பவுசரில் வந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். கசிவை அடைக்கும் வேலைகள் நடந்தன, நட்டஈடும் கொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 24ஆந் திகதி ஈரான் நாட்டு சனாதிபதியும் நமது சனாதிபதியும் வந்து திட்டத்தைத் திறந்து வைத்தார்கள்.

இத்திட்டம் தேவையில்லை என்று எழுதுவது எனது நோக்கமல்ல. அங்கிருந்து வரும் ஒவ்வோர் அலகும் அத்தனை எண்ணெயை, அத்தனை நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கணக்கெழுதிய முறையைப் பாருங்கள். சீமெந்து, இரும்பு, இயந்திரம், வட்டி எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டிருந்தார்கள். ஒரு கிணற்றுக்கு என்ன விலை? வெடித்த வீட்டுக்கு மதிப்பீட்டாளர் ஒரு தொகையை எழுதலாம். கிணறு வற்றியதால் போஞ்சி போடாமல் விட்ட போகத்துக்கு? குடத்தோடு பவுசருக்குக் காத்திருந்த அம்மாமாரின் காலைப்பொழுதுக்கு? செலவுப் பட்டியலில் எழுதப்படாத செலவு இல்லாமற் போய்விடுவதில்லை, அது யாரோ ஒருவருடைய முற்றத்தில் இறங்குகிறது.

இது புதிதுமல்ல. 1985இல் மின்சாரம் தரத் தொடங்கிய கொத்மலைக்காக வயல்களும் தேயிலையும் கோயில்களும் நீரில் மூழ்கின, குடும்பங்கள் வேறிடங்களுக்குப் போயின. பலாங்கொடைப் பக்கத்து சமனலவௌவில் 1992இல் தண்ணீர் நிரப்பியபோது அணையருகே கரைக்கடியால் பெருங்கசிவு. மலைக்கு உள்ளே தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பதை முழுமையாக அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது எப்போதும் ஆபத்தானது.

தோட்டங்களில் மின்சாரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே நூற்றுக்கணக்கான தோட்டங்கள் ஓடைத் தண்ணீரில் சிறு டர்பைன் வைத்துத் தொழிற்சாலையை ஓட்டின. ரோலர் சுழன்றது, பங்களாவில் விளக்கெரிந்தது, லயத்தில் குப்பிவிளக்குதான். மாற்றுச் சக்தியாக இருந்தாலும் பங்கீடு மாறவில்லை. பின்பு மின்சார சபையின் கம்பி வந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை துருப்பிடித்தன. 1990களிலிருந்து பல கிராமங்கள் சங்கம் அமைத்து, தாமே வாய்க்கால் வெட்டி, வீட்டுக்கு 100 அல்லது 200 வாற் அளவில் பகிர்ந்துகொண்ட சிறு நீர்மின் திட்டங்கள் வேறு வகையானவை. அங்கே வாய்க்காலைத் துப்புரவாக்குபவரும் விளக்கேற்றுபவரும் ஒரே ஆள்.

நமது வீட்டளவில்

சூரியத் தகட்டைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். ஊவாவின் பருவங்களைக் கவனியுங்கள். நமக்கு மழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. அப்போது ஓடை நிறையும், வானம் மூடியிருக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் கச்சான் காலத்தில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஓடை மெலியும், வெயில் தாராளம். ஒன்று குறையும்போது மற்றது கைகொடுக்கும். ஆனால் தகடு பகலில்தான் தரும், நமக்கு விளக்கு வேண்டியது இரவில். பற்றரி சில ஆண்டுகளில் செத்துப்போகும், மாற்றுவதற்குப் பணத்தை முதல் மாதத்திலிருந்தே சேர்க்க வேண்டும். நாட்டளவிலும் இதே சிக்கல்தான். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடே இருண்டபோது பாணந்துறையில் ஒரு குரங்கின் மேல் பழி விழுந்தது. ஒரு குரங்கு தொட்டதற்கே எல்லாம் விழும் அளவுக்கு, அந்த வெயில் ஞாயிறன்று வலையமைப்பில் சூரிய மின்சாரம் மிகுந்தும் மின்தேவை குறைந்தும் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. இவை சூரியனின் குறையல்ல, சேமித்து வைக்கும் வழி போதாததன் குறை. இடம்பெயர்ந்தோருக்கு இதைவிட முந்திய கேள்வி ஒன்றுண்டு: கூரை யாருடையது, மின்மானி யார் பெயரில் இருக்கிறது? லயத்துக் கூரையும் காணியும் நம்முடையவை அல்லாதவரை, தகட்டைப் பொருத்துவதும் மேலதிக மின்சாரத்தை விற்பதும் நம் கையில் இல்லை.

மாடு வைத்திருப்போருக்குச் சாணவாயு. 25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து இட்டால் சுமார் ஒரு கன மீற்றர் வாயு கிடைக்கும், ஓர் அடுப்பு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக எரியும். கொட்டிலில் கட்டிய ஒரு மாடு ஏறக்குறைய 10 கிலோ தரும். ஆகவே இரண்டு மாடுள்ள வீட்டில் பாதிச் சமையல் நடக்கலாம், முழுச் சமையல் நடக்காது. அப்புத்தளைக் குளிரில் இன்னும் குறையும். குழியிலிருந்து வெளிவரும் கழிவு நல்ல பசளை. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்த மாதங்களை அனுபவித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். ஆயினும் 7 பேர்ச் காணியில் வீடு, கொட்டில், குழி மூன்றுக்கும் இடம் போதுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு இன்றும் விறகுதான். அதில் வெட்கமில்லை. மரம் மீண்டும் வளரும், அது நமது பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. செலவு அம்மாமாரின் நெஞ்சிலும் கண்ணிலும், விறகு சுமக்கும் பிள்ளைகளின் பாடநேரத்திலும் விழுகிறது. 1980களில் உருவான அனகி என்னும் இரண்டு பானை மண்ணடுப்பு மூன்று கல் அடுப்பைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகை மிச்சப்படுத்தும். இப்பாடத்தில் சொன்ன எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுதான், ஆனால் பேசுபவர்தான் குறைவு. விறகை மழைக்கு ஒதுக்கி நன்றாகக் காயவைப்பதும், அடுப்புக்கு மேல் புகைபோக வழி விடுவதும் அதனோடு சேர்த்துச் செய்யவேண்டியவை. வேலியில் கிளிரிசீடியா நட்டால் கிளை விறகுக்கு, இலை பசளைக்கும் ஆட்டுக்கும், வேர் மண்ணைப் பிடிக்க. 2005இல் அரசாங்கம் இதை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. மகியங்கனையில் இந்த விறகை எரித்தே ஒரு 5 மெகாவாற் மின்நிலையம் அமைத்தார்கள். மேல்மலைக் குளிரில் அது செழிக்காது, அங்கே கிரேவிலியாவின் கிளைகளே கைகொடுக்கும். சரிவிலுள்ள மரத்தை அடியோடு வெட்டாமல் கிளையை மட்டும் கழிப்பது மிக அவசியம்.

குழுவில் பேசுவதற்கு

1. சென்ற மாதம் சமையலுக்கும் விளக்குக்கும் வீட்டில் செலவான பணம் எவ்வளவு? விறகுக்குப் போன நேரம் எவ்வளவு? அந்த நேரம் யாருடையது? பெண்கள் முதலில் சொல்ல, ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

2. உங்கள் பகுதியில் அணை, சுரங்கம், காற்றாலை அல்லது சூரிய மின்பூங்கா வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்குமுன் கிணறுகளின் நீர்மட்டத்தைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவைப்பவர் யார்? வீட்டுச் சுவர்களைப் படமெடுத்து வைப்பவர் யார்? பிற்காலத்தில் நட்டஈடு கேட்கும்போது இவற்றைத்தான் கேட்பார்கள்.

3. புதிய குடியிருப்பில் மின்மானி, காணி உறுதி ஆகியன யார் பெயரில் உள்ளன? கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

4. அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு வீடுகளில் ஒரு வாரம் விறகை நிறுத்துப் பாருங்கள். ஒன்றில் மூன்று கல் அடுப்பு, மற்றதில் அனகி அடுப்பு. இரு வீட்டிலும் சமைப்போர் தொகை ஒன்றாக இருக்கட்டும். தராசு இல்லாவிட்டால் கொழுந்து நிறுக்கும் தராசை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்கலாம்.